இடம் கிடைக்காத விபத்து

அந்த ஆப்பிளை இப்போ நறுக்காதீங்க அக்கா. கோவிச்சுக்காதீங்க. யாரோ ஒருத்தி கைக்குழந்தையோட வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஆப்பிளை நறுக்காதேங்கிறாளேன்னு பார்க்கறீங்க. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். இதை வாங்கிக்கிட்டு வந்தது யாரு? உங்க வீட்டுக்காரரோட மேலதிகாரியா? கூடவே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் இருந்ததா? கிளம்பும்போது கதவுப் பக்கம் உங்களைக் கூப்பிட்டு, ‘டாக்டர் கேட்டா இப்படிச் சொல்லிடும்மா’ன்னு ஏதாவது சொன்னாரா?

சொல்லியிருக்கார். உங்க முகத்திலேயே தெரியுது.

என்ன சொன்னீங்க, ரயில்வே ஷெட்டில் அடிபட்டவரை ரோட்டில் பைக்கில் போய் விழுந்தார்னு சொல்லச் சொன்னாரா? பரவாயில்லையே, உங்களுக்கு ரோடு கிடைச்சிருக்கு. எங்களுக்கு அதுகூடக் கிடைக்கலை.

என் பேர் பெர்பெத்துவா. இன்னைக்குப் பாப்பாவுக்குத் தடுப்பூசி, அதுக்குத்தான் வந்தேன். உங்களைக் கூப்பிட இன்னும் நேரமிருக்கு, சொல்றேன் கேளுங்க. போன வருஷம் இதே வராந்தாவில் இதே பெஞ்சில் நானும் நடுங்கிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். நடுக்கம் எனக்குப் புதுசில்லை. சுவரில் பல்லி கத்தினா நடுங்குவேன், போஸ்ட்மேன் மணி அடிச்சா நடுங்குவேன். பிள்ளை பிறந்த பிறகு அது இரண்டு மடங்காச்சு. இவள் தும்மினாலும் நடுங்குவேன், ரொம்ப நேரம் தும்மாமல் இருந்தாலும் நடுங்குவேன்.

எங்க வீட்டுக்காரர் பேர் இனிகோ. தண்டவாளம் பராமரிக்கிற கேங்கில் வேலை. அன்னைக்குப் பழைய தண்டவாளத்தை எடுத்துவிட்டுப் புதுசு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆளாளுக்கு இரும்பு இடுக்கியால் கவ்வித் தூக்கி, எல்லோரும் ஒரே மூச்சில் இறக்கணும். இறக்குகிற நேரம் பார்த்து பக்கத்து லைனில் வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு தனி இன்ஜின் வந்திருக்கிறது. ஹாரன் கேட்டதும் பாதிப் பேர் கையை விட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். பாதிப் பேர் பிடித்துக்கொண்டே நின்றுவிட்டார்கள். இவர் எந்தப் பாதி என்று நான் சொல்லணுமா? பூட்ஸோடு சேர்த்து நசுங்கி, இடது காலில் இரண்டு விரல் போச்சு.

வண்டி வருகிறதா என்று பார்த்து விசில் ஊதுவதற்கென்றே கேங்கில் ஒரு ஆள் உண்டு அக்கா. கொடியோடு தள்ளி நிற்கணும். அது மாரிதுரை அண்ணனுடைய வேலை. அவர் பாவம், அன்னைக்குத் தணிகாசலம் சார் வீட்டில் தண்ணீர்த் தொட்டி கழுவப் போயிருந்தார். அதற்கு யார் என்ன பண்ண முடியும்? தொட்டி அழுக்கானால் கழுவித்தானே ஆகணும்.

தணிகாசலம் சார்தான் இவர்கள் செக்‌ஷனுக்கு இன்ஜினியர். தங்கமான மனுஷன். அடிபட்டதும் தன்னுடைய சொந்தக் காரில், சீட்டில் இரத்தம் படுமே என்றுகூடப் பார்க்காமல், கீழே பழைய பேப்பர் விரித்து இவரைக் கொண்டுபோனார். இதோ இந்த ரயில்வே ஆஸ்பத்திரியைத் தாண்டி, ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கிற தனியார் ஆஸ்பத்திரிக்கு. “நம்ம ஆஸ்பத்திரி இங்கேயே இருக்கே சார்” என்று இவர் முனகினாராம். “உனக்கு நல்ல வைத்தியம் வேணாமாடா?” என்றாராம் சார். அப்படி ஒரு அக்கறை.

வீட்டுக்குக் கொண்டுவந்து விட்ட மறுநாள் வந்தார். ஆப்பிள், ஹார்லிக்ஸ் எல்லாம் இருந்தது. கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

“நடந்தது நடந்துபோச்சும்மா. இதை வேலையில அடிபட்டதுன்னு எழுதினா என்கொயரி வரும். என்கொயரின்னா என்னன்னு தெரியுமா?”

“தெரியாது சார்.”

“தெரியாம இருக்கறதே நல்லது.”

அவ்வளவுதான், தொட்டிலில் கிடந்த பாப்பாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

“கடைசியில இனிகோ மேலதான் தப்புன்னு வந்து நிக்கும். வேலை போகும். வேலை போனா இந்தக் குவார்ட்டர்ஸ் போகும். கைப்பிள்ளையை வெச்சுக்கிட்டு எங்கே போவே, சொல்லு?”

“ஐயோ சார்! அப்போ என்ன பண்றது?”

“வீட்டில அடிபட்டதுன்னு சொல்லிடுவோம். பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான். முடிஞ்சுது.”

கட்டிலிலிருந்து இவர் கேட்டார். “வழுக்கி விழுந்தா விரல் எப்படி சார் காணாமப் போகும்?”

“நீ ரெஸ்ட் எடு” என்றார் சார்.

அப்புறம் என்னிடம் விளக்கமாகச் சொன்னார். இவர்கள் செக்‌ஷனில் வருஷம் பூரா விபத்தே இல்லையாம். அடுத்த மாசம் கேடயம் கொடுக்கப்போகிறார்களாம். “அது என் கேடயம்னு நினைக்காதே. நம்ம எல்லார் கேடயமும்தான். இனிகோ கேடயம்னே வெச்சுக்க.” எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு விரல் போன வீட்டுக்கு ஒரு கேடயம் என்றால் யாருக்குத்தான் கலங்காது.

ஆனால் நான் கான்வென்ட்டில் படித்தவள் அக்கா. பொய் சொல்லிப் பழக்கமில்லை. பழக்கமில்லாததைச் செய்யும்போது ஒழுங்காகச் செய்யணும் இல்லையா? எங்கள் சிஸ்டர் அலாக்கோக் அப்படித்தான் வளர்த்தார். கேள்வி கேட்டால் எழுந்து நிற்கணும், கையைப் பின்னால் கட்டணும், தெரிந்ததையெல்லாம் ஆதியிலிருந்து அந்தம் வரை மூச்சு விடாமல் ஒப்பிக்கணும். பாதியில் நிறுத்தினால் பிரம்பு. அதனால் சாரிடம் கேட்டேன்.

“சார், கனமா ஏதாவது விழுந்தாத்தானே விரல் போகும்? பாத்ரூம்ல என்ன விழுந்ததுன்னு டாக்டர் கேட்டா?”

சார் யோசித்தார். “அம்மிக்கல்லு.”

“எங்க வீட்டில மிக்ஸிதான் சார்.”

“மிக்ஸி விழுந்தா விரல் போகாதா?”

“மிக்ஸிதான் சார் போகும்.”

அன்று சாயங்காலமே மாரிதுரை அண்ணன் சைக்கிள் கேரியரில் ஒரு அம்மிக்கல்லைக் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். சார் வீட்டு அம்மி. எவ்வளவு பெரிய மனசு பாருங்க! சொந்த வீட்டு அம்மியை யார் தருவார்கள்? “பாத்ரூம்ல அம்மிக்கு என்னடி வேலை?” என்று இவர் கேட்டார். அதுவும் நியாயம்தான் என்று சமையலறைக்கு மாற்றிக்கொண்டோம். பாப்பாவைக் காலில் போட்டுத் தூங்கவைக்கும்போதெல்லாம் தாலாட்டு மாதிரி மனப்பாடம் பண்ணினேன். சமையலறை, ஈரத் தரை, அம்மி, இடது கால், இரண்டு விரல்.

மறுநாள் காலையில் கதவைத் தட்டுகிற சத்தம். குவார்ட்டர்ஸ் பராமரிப்பு பார்க்கிற உதுமான் சார். எங்கள் பாத்ரூம் தரை பாசி பிடித்து வழுக்குகிறது என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், ஒருநாளும் எட்டிப் பார்க்காதவர். அன்று இரண்டு ஆளோடும் சிமென்ட்டோடும் நிற்கிறார்.

“யாரும்மா சொன்னது, என் குவார்ட்டர்ஸ்ல விபத்துன்னு?”

“தணிகாசலம் சார்தான் சார் சொல்லிக்குடுத்தார்.”

“அவருக்கு மட்டும்தான் கேடயமா? எங்க பிரிவுக்குக் கேடயம் இல்லையா? தரை வழுக்குதுன்னு நீங்க எழுதிக் குடுத்ததெல்லாம் ஆபீஸ்ல கிடக்கு. இப்போ அந்தத் தரையில விரல் போச்சுன்னா என் கழுத்துதான் போகும்!”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஆட்கள் உள்ளே போய்த் தரையைக் கொத்தி, சிமென்ட் பூசி, மதியத்துக்குள் முடித்துவிட்டார்கள். கூரை ஒழுகல்கூட அடைபட்டது. இவருக்கு இன்னும் ஒரு விரல் போயிருந்தால் ஜன்னலுக்கும் கதவு போட்டிருப்பார்கள் என்று வாய்வரைக்கும் வந்தது, சொல்லவில்லை.

தகவல் தெரிந்து தணிகாசலம் சார் வந்தார். இரண்டு பேரும் என் சமையலறையில் நின்று விபத்தை எங்கே வைப்பது என்று பேச ஆரம்பித்தார்கள். பழைய பீரோவை எங்கே போடுவது என்று பேசுவோமில்லையா, அந்த மாதிரி.

“சரி, வாசல்ல வெச்சுக்குவோம்.”

“வாசலும் என்னுதுதான் சார்.”

“தெருவில?”

“தெரு சுகாதாரப் பிரிவு. அந்தம்மா என்னைவிட மோசம். ஊரைக் கூட்டிடும்.”

“விளையாட்டு மைதானம்?”

“ரயில்வே.”

“சர்ச்சு? இவங்கதான் சர்ச்சுக்குப் போறவங்களாச்சே.”

“சர்ச்சு நிக்கற நிலமே ரயில்வே குத்தகை சார்.”

இரண்டு பேரும் ஜன்னல் வழியாகக் காலனியைப் பார்த்தார்கள். கண்ணுக்கு எட்டின வரை ரயில்வே. அப்போது கட்டிலிலிருந்து இவர் குரல் வந்தது. “சார், தண்டவாளம் யாருது சார்?”

“நீ ரெஸ்ட் எடு” என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

கடைசியில் உதுமான் சார்தான் வழி கண்டுபிடித்தார். “ஏம்மா, உங்க அம்மா வீடு எங்கே?”

எங்க அம்மா வீடு கொத்தனேரி. லெவல் கிராசிங் தாண்டி பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ரயில்வேக்கு அங்கே ஒரு கல்கூடக் கிடையாது. தணிகாசலம் சார் முகம் மலர்ந்துவிட்டது. மாமியார் வீட்டுக்குப் போன இடத்தில், மாமியார் வீட்டு அம்மி, மருமகன் காலில். கேட்கவே குடும்பப்பாங்காக இருந்தது. எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஒரு மரியாதைக்கு அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன்.

“என்னடி சொன்னே? என் வீட்டிலயா?” அம்மா பேர் சந்தியாகம்மாள். ஃபோன் இல்லாமலே அம்மா குரல் இங்கே கேட்கும். “மாமியார் வீட்டுக்கு வந்த மருமகன் விரலை விட்டுட்டுப் போனார்னு ஊரு பேசணுமா? உனக்குப் பின்னாடி ரெண்டு பேர் கல்யாணத்துக்கு நிக்கறாளுங்க. நாளைக்கு எந்த மாப்பிள்ளைடி இந்த வாசல்ல செருப்பைக் கழட்டுவான்? கால் விரலை எண்ணிப் பார்த்துக்கிட்டுத்தான் உள்ள வருவான்!”

“அம்மா, சும்மா சொல்றதுதானேம்மா...”

“சும்மா சொல்றதுன்னா உன் இன்ஜினியரோட மாமியார் வீட்டில வெச்சுக்கச் சொல்லு!”

அதை நான் சாரிடம் அப்படியே சொல்லவில்லை. அம்மா கொஞ்சம் யோசிக்கிறாங்க சார் என்று மட்டும் சொன்னேன். சார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு வேறு கணக்கு. “அன்னைக்கு அவன் கொத்தனேரியில இருந்தான்னா, இங்கே வேலைக்கு வரலைன்னு ஆகணும். வரலைன்னு போட்டுடறேன். ஒரு நாள்தானே.”

அப்போதுதான் அக்கா, அத்தனை நாளில் முதல் தடவையாக, இவர் எழுந்து உட்கார்ந்தார். கட்டுப் போட்ட காலைக் கையால் தூக்கிக் கட்டிலுக்கு வெளியே வைத்தார்.

“சார், விரல் போனது பாத்ரூம்லன்னாலும் சரி, மாமியார் வீட்டிலன்னாலும் சரின்னு இருந்தேன். எனக்குப் பின்னாடி நாலு பேரு கையை விடாமப் பிடிச்சுக்கிட்டிருந்தாங்க. நான் விட்டிருந்தா அது அவங்க கால்ல இறங்கியிருக்கும். அன்னைக்கு நான் வேலைக்கே வரலைன்னா, அப்போ அதைப் பிடிச்சது யாரு சார்?”

இந்தத் தடவை ‘நீ ரெஸ்ட் எடு’ என்று சார் சொல்லவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “நாளைக்கு டாக்டர்கிட்ட போகணும். பெர்பெத்துவா பேசிக்கும். தைரியமா சொல்லு, என்ன?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். லீவு பாஸாகணும் என்றால் ரயில்வே டாக்டரிடம் காட்டியே ஆகணும், அதற்குத்தான்.

நான் என்ன சொல்வது? பாத்ரூமா, சமையலறையா, கொத்தனேரியா? யாரும் முடிவாகச் சொல்லவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று மூன்றையும் மனப்பாடம் பண்ணிக்கொண்டேன். தப்பாகச் சொன்னால் வீடு போய்விடுமே. இவளை வைத்துக்கொண்டு மழையில் பிளாட்பாரத்தில் நிற்கிற மாதிரியே ஒரு காட்சி கண்முன்னால் வந்துகொண்டிருந்தது.

மறுநாள் அதோ அந்த டாக்டர் அறைக்குள் நாங்கள் போனபோது கூட்டத்தைப் பார்க்கணுமே. சக்கர நாற்காலியில் இவர். பக்கத்தில் தணிகாசலம் சார். கதவோரம் உதுமான் சார், தன் குவார்ட்டர்ஸ் பேச்சு வருகிறதா என்று காது கொடுக்க. எங்க அம்மா முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள், கொத்தனேரி பேச்சு வராமல் பார்த்துக்கொள்ள. டாக்டர் மீனலோசனி சின்ன வயசுதான், உங்களையும் அவர்தான் பார்ப்பார். கட்டைப் பிரித்தார், பார்த்தார், தனியார் ஆஸ்பத்திரிச் சீட்டையும் பார்த்தார்.

“எங்கே அடிபட்டது?”

“வீட்டில” என்றார் சார். “வீட்டில இல்லை” என்றார் உதுமான் சார். “எங்க வீட்டில இல்லவே இல்லை” என்றாள் அம்மா.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். “நீங்க சொல்லுங்கம்மா.”

நான் எழுந்து நின்றேன். கையைப் பின்னால் கட்டணுமே, பாப்பா இருக்கிறாளே. பக்கத்தில் நின்ற சார் கையில் கொடுத்துவிட்டேன். கையைக் கட்டினேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

“பாத்ரூமில் பாசி பிடித்த தரையில் வழுக்கி விழுந்தார். ஆனால் விழுந்தால் விரல் போகாது என்பதால் சமையலறையில் அம்மி விழுந்தது. எங்களுக்கு அம்மி இல்லை என்பதால் சார் வீட்டிலிருந்து அம்மி வந்தது. குவார்ட்டர்ஸுக்கும் கேடயம் உண்டு என்பதால் வாசல், தெரு, மைதானம், சர்ச் ஆகிய இடங்களில் விழவில்லை. கொத்தனேரியில் அம்மா வீட்டில் விழுந்தது. ஆனால் எனக்கு இரண்டு தங்கைகள் இருப்பதால் அங்கேயும் விழவில்லை.”

கண்ணைத் திறந்தேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டிருந்தார்.

“இதுல எதும்மா உண்மை?”

“எதுவும் இல்லை டாக்டர். உண்மையை யாரும் எனக்குச் சொல்லிக்குடுக்கலை.”

சொன்னதும்தான் பக்கென்றது. ஐயோ, சாரைப் பொய்க்காரர் ஆக்கிவிட்டேனே! எப்படியாவது அவரைக் காப்பாற்றணும் என்று வேகவேகமாகச் சொன்னேன். “சார் மேல ஒரு தப்பும் இல்லை டாக்டர். தண்டவாளம் இறக்கும்போது இன்ஜின் வந்தா சார் என்ன பண்ணுவார்? விசில் ஊதற மாரிதுரை அண்ணன் சார் வீட்டில தொட்டிதான் கழுவிக்கிட்டிருந்தார், சும்மா ஒண்ணும் இருக்கலை. சார் அவ்வளவு நல்லவர் டாக்டர். இந்த ஆஸ்பத்திரியைத் தாண்டிச் சொந்தக் காரிலயே கொண்டுபோனார். கேடயத்தைக்கூட எங்களுதுன்னுதான் சொன்னார். அன்னைக்கு இவர் வேலைக்கே வரலைன்னு அவரே போடறேன்னு சொல்லியிருக்கார்.”

சார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பாப்பா அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி, இன்னொரு கையை அவர் வாய்க்குள் விட்டுவிட்டாள். இவளுக்கு அப்போது பல் முளைக்கிற நேரம், எதைப் பார்த்தாலும் இழுப்பாள்.

“அம்மியில துரு பிடிக்குமா சார்?” என்று டாக்டர் சாரிடம் கேட்டார். “புண்ணுக்குள்ள துரு இருந்ததுன்னு இந்தச் சீட்டுல எழுதியிருக்கே.” சாரால் பதில் சொல்ல முடியவில்லை. வாயில் கை.

டாக்டர் இவரைப் பார்த்து, “நீங்க சொல்லுங்க இனிகோ” என்றார். இவர் ஒரே வரியில் சொன்னார். “தண்டவாளத்துல டாக்டர். வேலை நேரத்துல.” டாக்டர் அதை அப்படியே எழுதினார்.

எழுதிவிட்டு என்னைப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். “இப்போ எதுக்கும்மா அழறீங்க?”

“வேலை போயிடுமே டாக்டர். வீடு போயிடுமே.”

“யார் சொன்னா? வேலையில அடிபட்டவரை வேலையை விட்டு அனுப்பக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. குணமாகற வரைக்கும் சம்பளத்தோட லீவு உண்டு. போன விரலுக்கு இழப்பீடு உண்டு. பழைய வேலைக்குக் கால் ஒத்துக்கலைன்னா அதே சம்பளத்துக்கு வேற வேலை குடுக்கணும். இடம் இல்லைன்னா, ஒரு இடத்தை உண்டாக்கியாவது குடுத்தாகணும். வீட்டில அடிபட்டதுன்னு எழுதியிருந்தா பாதி இல்லாமப் போயிருக்கும்.”

எனக்கு நம்பவே முடியவில்லை அக்கா. இடத்தை உண்டாக்குவார்களாமே! ஒரு விபத்துக்கு இடம் தேடி இத்தனை பேர் அலைந்தோம், கிடைக்கவில்லை. இவருக்கு இடமே உண்டாக்கித் தருவார்களாம்.

என்கொயரியும் வந்தது. என்கொயரி என்றால் என்னன்னு இப்போ எனக்குத் தெரியும். ஒரு மேஜை, நாலு நாற்காலி, டீ. இவருக்கும் டீ கொடுத்தார்கள். மாரிதுரை அண்ணன் தொட்டி கழுவியதைச் சொன்னார். கையை விட்டவர்களும் சொன்னார்கள், பிடித்தவர்களும் சொன்னார்கள். இவர் மேல் ஒரு தப்பும் வரவில்லை. இப்போது இவருக்கு ரன்னிங் ரூமில் வேலை, அதே சம்பளம். இன்ஜின் டிரைவர்கள் தூங்குகிற இடம் அது. வண்டி நேரத்துக்கு அவர்களை எழுப்பிவிடணும். வீட்டில் இவரை எழுப்ப நான் தண்ணீர் தெளிக்கணும், அது அவர்களுக்குத் தெரியாது.

எனக்கு ஒரே ஒரு மனக்குறைதான். தணிகாசலம் சாரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். போவதற்கு முன்னால் மார்க்கெட்டில் பார்த்தேன். வணக்கம் வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். டாக்டர் முன்னால் அவரைப் பற்றி அவ்வளவு பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், அம்மி முதற்கொண்டு ஒன்றைக்கூட விடவில்லை. ஒரு வார்த்தை பேசினால் என்ன? மனுஷர்களுக்கு நன்றியே கிடையாது அக்கா.

இதோ, நர்ஸ் கூப்பிடறாங்க. கோமதிநாயகம்னு சொல்றாங்களே, உங்க வீட்டுக்காரர்தானே? எழுந்திரிங்க. ஏன் இப்படிக் கை நடுங்குது? நடுங்கட்டும், அது நல்லதுதான். தைரியமா இருன்னு உங்களுக்கும் சொல்லித்தான் அனுப்பியிருப்பாங்க. கேக்காதீங்க. தைரியமா இருக்கறவங்க சொல்லிக்குடுத்த ஒரு வரியை மட்டும் சொல்லிட்டு வந்துடுவாங்க. நீங்க உள்ளே போனதும் நல்லாப் பயப்படுங்க அக்கா. பயந்துபோய் எல்லாத்தையும் கொட்டிடுங்க.